தோட்டத்தின் பெயர் தேடலில் அகப்பட வேண்டும்

தோட்டங்களைப் பற்றிய நம் தளத்தை வலையேற்றியாயிற்று, சென்ற வாரத்தோடு அந்த வேலை முடிந்தது. இனி அது தேடுகிறவர் கையில் அகப்பட வேண்டும்.

பதுளையை அடுத்த ஸ்பிரிங்வெளித் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அப்படிப் போய்க் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தாத்தாவின் பழைய கடதாசியில் உள்ள தோட்டத்தின் பெயரைக் கைபேசியில் தட்டிப் பார்க்கிறார்கள். ஒருவர் ஸ்பிரிங்வெளி என்று தட்டுவார், இன்னொருவர் ஸ்பிரிங்வேலி என்பார், மூன்றாமவர் ஆங்கிலத்திலேயே தேடுவார். மூவருக்கும் நம் பக்கம் கிடைக்க வேண்டும். கிடைக்குமா என்று பார்க்க இன்று ஒரு சோதனைக் கருவியை அமைப்போம்.

முதலில் நோட்.ஜேஎஸ் நிறுவுங்கள். கணினியில் குரோம் உலாவியும் இருக்க வேண்டும். பிறகு முனையத்தைத் திறந்து, என்பிஎம் கட்டளையால் கூகுளின் லைட்ஹவுஸ் கருவியை இறக்குங்கள். இது இலவசம், திறந்த மூலம். பக்கத்தின் முகவரியைக் கொடுத்து எஸ்இஓ பகுதியை மட்டும் ஓடவிட்டால் பக்கத்துக்குத் தலைப்பு உண்டா, விவரக்குறிப்பு உண்டா, படங்களுக்கு மாற்று உரை உண்டா, தேடுபொறியை உள்ளே வரவிடாமல் தடுத்திருக்கிறோமா என்று பார்த்துச் சொல்லும்.

ஆனால் தலைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் இந்தக் கருவி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. இலங்கையில் நமக்கு இது பெரிய சிக்கல். மன்ற மலர்கள், பாடசாலை மலர்கள் என்று எத்தனையோ பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. திரையில் பதுளை என்று தெரிவது, உள்ளே ஜி, பெரிய ஜே, ஐ, எஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள்தான். அதை அப்படியே ஏற்றினால் லைட்ஹவுஸ் குறை சொல்லாது. தேடுபொறிக்கோ அந்தப் பக்கத்தில் பதுளை என்ற ஊரே இல்லை. உழைத்துச் சேர்த்த தகவல் இப்படி மறைந்து கிடப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே பைத்தனில் ஒரு சிறு நிரலைச் சேர்த்துக்கொள்கிறோம். பக்கத்தின் உரையை எடுத்து, அதில் யுனிகோடின் தமிழ்ப் பகுதியைச் சேர்ந்த எழுத்துகள் எத்தனை பங்கு என்று அது கணக்கிடும். பாதிக்கும் குறைவு என்றால் எச்சரிக்கும். பாமினி அங்கேயே பிடிபட்டுவிடும். பக்கத்தின் மொழிக் குறி தமிழ் என்று இருக்கிறதா, தோட்டத்தின் பெயர் மூன்று வடிவிலும் உரையில் வருகிறதா என்பதையும் இதே நிரல் பார்க்கட்டும். ஒப்பிடும் முன் உரையை யுனிகோடின் ஒருமித்த வடிவான என்எஃப்சிக்கு மாற்ற மறக்காதீர்கள். கொழுந்து என்பதில் உள்ள ‘கொ’வை இரண்டு விதமாகக் குறியேற்றலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, நிரலுக்கு வேறு வேறு.

தலைப்பின் நீளத்தையும் இந்த நிரலால் சோதிக்கும்போது கவனம் தேவை. ஸ்பிரிங்வெளி நம் கணக்கில் 6 எழுத்து. புள்ளியையும் விசிறியையும் கொம்பையும் தனித்தனியே எண்ணும் பைத்தன் 12 என்று சொல்லும். பைட் கணக்கிலோ 36. முகவரியில் இதே பெயரைத் தமிழில் வைத்து, அதை நகலெடுத்து ஒட்டினால் 108 குறிகளாக நீளலாம். ஆங்கிலத்துக்கு வைத்த எல்லையை அப்படியே விட்டால், ஒழுங்கான தமிழ்த் தலைப்பையும் நீளம் என்று நிரல் தள்ளிவிடும். பைத்தனுக்கான ரீஜெக்ஸ் தொகுதி கண்ணுக்குத் தெரியும் எழுத்தாகவே எண்ணித் தரும். அதையே பயன்படுத்துங்கள். கூகுளும் தலைப்பை எழுத்தெண்ணி வெட்டுவதில்லை, திரையின் அகலத்துக்கு ஏற்பத்தான் வெட்டுகிறது.

படங்களின் மாற்று உரையை மட்டும் எந்த நிரலிடமும் விடாதீர்கள். வெறுமனே ‘படம் 1’ என்று இருந்தாலும் கருவி ஏற்றுக்கொள்ளும். எந்த டிவிசன், எந்த லயம், பெரட்டுக்களமா கொழுந்து மடுவமா என்பதைத் தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

அடுத்த வாரம், பாமினிக் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றும் வேலை.