நீலமாகிப்போன பச்சை: தபால்தலையில் பிழையா, பழுதா?

ஆல்பத்தில் ஒரு தபால்தலை நீலமாக இருக்கிறது. கேட்லாக்கைப் புரட்டினால் அதே படம், அதே முகமதிப்பு. நிறம் மட்டும் பச்சை என்று போட்டிருக்கிறது. சேகரிப்பவர் மனம் உடனே ஏலக்கூடத்துக்கு ஓடிவிடும். ஆனால், பெரும்பாலும் கையில் இருப்பது அபூர்வப் பிழை அல்ல. வெயில் குடித்த சாதாரணத் தபால்தலை.

இரண்டையும் பிரிக்கும் கோடு அச்சகத்தின் வாசல்தான். வாசலைத் தாண்டுவதற்குள் நேர்ந்த மாற்றத்துக்குத்தான் சேகரிப்பு உலகில் மதிப்பு. தாண்டிய பிறகு நேர்ந்தது, எவ்வளவு அழகாக இருந்தாலும் பழுதுதான்.

அச்சகத்துக்குள் நிறம் மாற மூன்று வழிகள் உண்டு. முதலாவது சாயல் வேறுபாடு. ஒவ்வொரு முறை மை கலக்கும்போதும் நிறம் சற்றே கூடும், குறையும். 1854இல் கல்கத்தாவில் கல்லச்சில் அடித்த இந்தியாவின் அரை அணா நீலத்தில் வெளிர்நீலம், அடர்நீலம், இண்டிகோ எனப் பல சாயல்களைக் கேட்லாக்குகள் பிரித்துக் காட்டுகின்றன. அவை எல்லாமே அசல்தான்.

இரண்டாவது நிறப் பிழை. 1861இல் நன்னம்பிக்கை முனைக் குடியேற்றத்தில் முக்கோணத் தபால்தலைகளை அவசரமாக உள்ளூரிலேயே அச்சிட்டார்கள். 1 பென்னி சிவப்பு, 4 பென்னி நீலம். ஒன்றின் அச்சுக்கட்டை மற்றதன் தட்டில் மாறி நுழைந்துவிட, நீலத்தில் 1 பென்னியும் சிவப்பில் 4 பென்னியும் வெளிவந்தன. ஸ்வீடனின் புகழ்பெற்ற 1855ஆம் ஆண்டு 3 ஸ்கில்லிங்கும் இப்படித்தான். நீலப்பச்சையில் வரவேண்டியது மஞ்சளில் வந்தது. அந்த மஞ்சள், 8 ஸ்கில்லிங் தபால்தலைக்குரிய நிறம். உலகில் ஒன்றே ஒன்றுதான் தெரியவந்திருக்கிறது. 1996இல் ஜூரிச்சில் 28 லட்சம் ஸ்விஸ் ஃப்ராங்குக்கு மேல் விலைபோனது.

இந்த இரண்டு கதைகளிலும் ஒரு பாடம் இருக்கிறது. அசல் நிறப் பிழைக்கு ஒரு முகவரி உண்டு. அந்தத் தவறான நிறம் அதே அச்சகத்தில், அதே காலத்தில், வேறொரு தபால்தலைக்குப் பயன்பட்டிருக்கும். எங்கிருந்து வந்தது என்றே சொல்ல முடியாத நிறத்தைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது, விடுபட்ட நிறம். பல நிறத் தபால்தலையில் ஒரு நிறம் மட்டும் ஏறாமல் போவது. 1965இல் பிரிட்டன் வெளியிட்ட போஸ்ட் ஆஃபீஸ் டவர் 3 பென்ஸில், கோபுரமே இல்லாத பிரதிகள் உண்டு. இங்கே 10 மடங்கு லென்ஸ்தான் நீதிபதி. அந்த நிறத்தின் ஒரு புள்ளி தென்பட்டாலும் அது 'விடுபட்டது' ஆகாது. மை குறைவாக ஏறியது, அல்லது யாரோ அழித்தது. அழித்த இடத்தில் காகிதத்தின் வழவழப்பு போய், நார் எழும்பி நிற்கும்.

இனி வாசலுக்கு வெளியே. இங்கே குற்றவாளிகள் வெயில், காற்று, தண்ணீர்.

பல பச்சை மைகள் நீலமும் மஞ்சளும் கலந்தவை. வெயிலில் மஞ்சள் முதலில் வெளுத்துவிட்டால் மிஞ்சுவது நீலம். ஈயம் கலந்த ஆரஞ்சு, சிவப்பு மைகள் காற்றிலுள்ள கந்தக வாயு பட்டால் பழுப்பாகும், கறுத்தும் போகும். இதைச் சேகரிப்பாளர்கள் 'ஆக்ஸிடைஸ்' ஆகிவிட்டது என்பார்கள். உண்மையில் நடப்பது ஈயம் கந்தகத்தோடு சேர்ந்து கறுப்பாவது. மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்ஸைடைத் தூரிகையால் மெல்லத் தொட்டுவைத்தால் அந்தக் கறுப்பு வெளுத்து, பழைய நிறம் பெருமளவு தலைகாட்டும். அப்படித் தலைகாட்டினால் அது அசல் பழுப்பு அல்ல என்பதும் தெரிந்துபோகும்.

ஆனால், சில தபால்தலைகளில் ஈரமே படக்கூடாது. 1883-84இல் பிரிட்டன் வெளியிட்ட பச்சைத் தபால்தலைகளின் மை, தண்ணீர் பட்டாலே கெடும்படி வேண்டுமென்றே தயாரிக்கப்பட்டது. முத்திரையைக் கழுவிவிட்டு மறுபடி ஒட்டுவதைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. ஊறவைத்தால் பச்சை வெளிறி மஞ்சள் தட்டிவிடும். கழுவிய பிரதியைப் புதுச் சாயல் என்று நம்பி ஏமாறுவது எளிது.

சரி, கையில் இருப்பதை எப்படிச் சோதிப்பது? பகல் வெளிச்சத்தில், வெயில் நேராக விழாத ஜன்னலோரம் உட்காருங்கள். டியூப் லைட்டில் நிறம் பொய் சொல்லும். அதே தபால்தலையின் சாதாரணப் பிரதியைப் பக்கத்தில் வையுங்கள். லென்ஸ் வழியாக முத்திரைக் கோடுகளின் விளிம்பைப் பாருங்கள். கறுப்பு மை மூடிய இடத்தில் வெயில் படாததால் பழைய நிறம் கீற்றாக ஒளிந்திருக்கலாம். பிறகு திருப்பிப் பாருங்கள். முன்பக்கக் காகிதம் மஞ்சளித்து, பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் வெயில் வேலை செய்திருக்கிறது. பின்பக்கப் பசை அப்படியே இருந்தால் ரசாயனத்தில் முக்கியிருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் வெயிலுக்குப் பசை தடையல்ல. இதை மறந்துதான் பலர் ஏமாறுகிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் தீராமல், தொகையும் பெரிதாக இருந்தால், நிபுணர் குழுவின் சான்றிதழ் இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள். ஸ்வீடனின் மஞ்சள் தபால்தலையையே ஒரு காலத்தில் போலி என்றார்கள்; ஆய்வுக்குப் பிறகுதான் அசல் என்று உறுதியானது.

கண்ணைப் பழக்க ஒரு செலவில்லாத வழி உண்டு. மதிப்பில்லாத பச்சை, ஆரஞ்சு, ஊதாத் தபால்தலைகள் நாலைந்தை எடுத்து, ஒவ்வொன்றிலும் பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் சில வாரம் வையுங்கள். சில மைகள் அசையாது. சில பாதிக்குப் பாதி வேறு தபால்தலையாகிவிடும். அவற்றை ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை யாராவது ஒரு 'நீலப் பிழை'யை நீட்டும்போது, விலை கேட்கும் முன் அந்தப் பக்கத்தைத் திறக்கலாம்.