பழைய படகு வாங்குமுன் இயந்திரத்தைப் பாருங்கள்

டோபி காட் நிலையத்தில் வடக்கு-தெற்குத் தட ரயிலில் ஏறினால் நான்காவது நிலையம் மரினா சவுத் படகுத்துறை. 2014ஆம் ஆண்டு அந்த நிலையம் திறக்கப்பட்டதிலிருந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடலுக்குப் போய்வருவது எளிதாகிவிட்டது. அங்கிருந்து செயின்ட் ஜான்ஸ் தீவுக்கும் குசு தீவுக்கும் படகு கிடைக்கிறது. திரும்பி வரும்போது பக்கத்தில் ஒரு சிறிய விசைப்படகு அலையைக் கிழித்துக்கொண்டு போகும். அதில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் இருப்பார்கள். "நாமும் ஒன்று வாங்கலாமா?" என்று வீட்டில் பேச்சு தொடங்குவது பெரும்பாலும் அந்த நிமிடத்தில்தான்.

புதிய படகின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாது. அதனால் பேச்சு பழைய படகுப் பக்கம் திரும்புகிறது. பதினெட்டு, இருபது அடி நீளமுள்ள கண்ணாடியிழைப் படகு, பின்னால் ஓர் இயந்திரம், ஐந்தாறு பேர் உட்கார இடம். விலையைக் கேட்டால் பழைய காரைவிடக் குறைவாகவும் இருக்கலாம். ஆசை வருவது இயல்பு. ஆனால் பெரும்பாலோர் பார்ப்பது வண்ணப்பூச்சையும் இருக்கை உறையையும்தான். அவை பளபளப்பாக இருந்தால் போதும், மனம் முடிவெடுத்துவிடுகிறது. பார்க்கவேண்டியது இயந்திரத்தை.

காரணம் எளிமையானது. கார் நின்றுபோனால் சாலையோரமாகத் தள்ளிவிட்டு உதவிக்குக் காத்திருக்கலாம். படகு நின்றுபோனால் நீரோட்டம் அதை இழுத்துக்கொண்டு போகும். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் எந்த நேரத்திலும் ஏறக்குறைய ஆயிரம் கப்பல்கள் இருக்கின்றன. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கப்பல் வருகிறது அல்லது புறப்படுகிறது. பெரிய சரக்குக் கப்பல் ஒன்று இயந்திரத்தை நிறுத்திய பிறகும் பல கிலோமீட்டர் நகர்ந்துதான் நிற்கும். அதன் பாதையில் பிள்ளைகளோடு மிதக்கும் படகுக்கு, ஓடும் இயந்திரம்தான் உயிர்க்காப்பு.

பத்தாண்டுக் கணக்கு பொருந்தாது

1990ஆம் ஆண்டு வாகன உரிமைச் சான்றிதழ் முறை வந்ததிலிருந்து சிங்கப்பூரர்கள் ஒரு பழக்கத்துக்கு ஆளாகிவிட்டார்கள். வண்டி பத்து வயதை நெருங்கினால் மதிப்பில்லை என்று நினைப்பதே அந்தப் பழக்கம். படகுக்கு அத்தகைய சான்றிதழ் இல்லை. பதினைந்து வயதுப் படகு நல்ல நிலையில் இருக்கலாம், ஐந்து வயதுப் படகு வீணாகியும் போயிருக்கலாம். ஆகவே வயதைக் கேட்பதோடு நிறுத்தாமல், இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடியது என்றும் கேட்கவேண்டும்.

படகு இயந்திரத்தின் உழைப்பை மணிக்கணக்கில்தான் அளப்பார்கள். வாரக் கடைசியில் மட்டும் பயன்படும் குடும்பப் படகு ஆண்டுக்கு ஐம்பது முதல் நூறு மணி நேரம் ஓடும். நன்றாகப் பராமரித்த நான்கு வீச்சு இயந்திரம் 1,500 மணி நேரத்தைத் தாண்டியும் உழைக்கும். "பத்து வருஷத்தில் எண்பது மணி நேரம்தான் ஓட்டியிருக்கிறேன் அண்ணே" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் மகிழ்ந்துவிடக் கூடாது. அந்தப் படகு பெரும்பாலான நாள்கள் சும்மாவே கிடந்திருக்கிறது. ஓடாத இயந்திரத்தில் பெட்ரோல் கெட்டுப் பிசினாகிவிடும். ரப்பர் பாகங்கள் காய்ந்து வெடிக்கும். உள்ளே உப்பு உறைந்து நீர்வழியை அடைத்துவிடும். அதிகம் ஓடியதும் ஆபத்து, ஓடாமல் கிடந்ததும் ஆபத்து. ஒழுங்காக ஓடிப் பராமரிப்புக் கணக்குப் புத்தகத்தோடு வருவதே நல்ல படகு.

நல்ல தண்ணீரில் கழுவினார்களா?

டோபி காட் என்ற பெயரே சலவைத் தொழிலாளர்களின் படித்துறையைக் குறிப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வங்காளத்திலிருந்தும் சென்னைப் பகுதியிலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கே ஓடிய பிராஸ் பாசா ஓடையில் துணி துவைத்தார்கள். இன்று ஒய்எம்சிஏ கட்டடம் நிற்கும் நிலத்தில் காயப்போட்டார்கள். அந்த ஓடைதான் பின்னர் ஸ்டாம்ஃபோர்ட் கால்வாயாகியது. கடல் அருகிலேயே இருந்தும் அவர்கள் நன்னீர் ஓடையைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. உப்புநீரில் துணி சுத்தமாகாது.

படகு இயந்திரத்துக்கும் அதே விதிதான். படகின் பின்பலகையில் தொங்கும் 'அவுட்போர்டு' இயந்திரம் கடல்நீரை உள்ளே இழுத்துத் தன்னைக் குளிர வைத்துக்கொண்டு வெளியே விடுகிறது. பயணம் முடிந்ததும் குழாய் மூலம் நல்ல தண்ணீரைச் செலுத்தி உள்ளே தங்கிய உப்பைக் கழுவிவிடவேண்டும். பத்துப் பதினைந்து நிமிட வேலை. சோம்பலால் இதைத் தவிர்த்தவரின் இயந்திரம் உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். வெளியில் எவ்வளவு வண்ணம் அடித்தாலும் அது சரியாகாது.

ஆகவே முதல் கேள்வி, "ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினீர்களா? எங்கே, எப்படி?" என்பதாக இருக்கட்டும். உண்மையில் கழுவியவர் குழாயைக் காட்டுவார், இணைக்கும் இடத்தையும் காட்டுவார். கழுவாதவர் பேச்சை மாற்றுவார். மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தாலும் தெரிந்துவிடும். திருகாணிகளைச் சுற்றி வெள்ளை உப்புப் பொடி, மூடி ஓரங்களில் கொப்புளம் விட்ட வண்ணம், புதிதாகத் தெளித்த வண்ணம் ஆகிய மூன்றும் எச்சரிக்கை அறிகுறிகள்.

இயந்திரத்தின் அடிப்பகுதியில் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டியையும் பார்க்கவேண்டும். அரிப்பு முதலில் தன்னைத் தின்னட்டும், இயந்திரத்தை விடட்டும் என்பதற்காகவே அதை வைக்கிறார்கள். பாதி தேய்ந்தால் மாற்றிவிடவேண்டும். முழுதும் கரைந்து போயிருந்தால் அதற்கடுத்து இயந்திர உலோகமே கரையத் தொடங்கியிருக்கும். அதன்மேல் வண்ணம் பூசியிருந்தால், படகைப் பராமரித்தவருக்கு விவரம் போதாது என்று புரிந்துகொள்ளலாம்.

சூடாக்கி வைத்திருந்தால் திரும்பிவிடுங்கள்

படகைப் பார்க்கப் போகுமுன் விற்பவரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும்: "நாங்கள் வரும்வரை இயந்திரத்தைக் கிளப்பவேண்டாம்." போனதும் மூடியைத் தொட்டுப் பார்க்கவேண்டும். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் குறையை மறைக்க முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார் என்று சந்தேகப்படலாம். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவது நல்லது.

குளிர்ந்த இயந்திரம் கிளம்பியதும் பின்புறம் ஒரு சிறு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். குளிர்ப்பு நீர் சுற்றுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். அது வலுவாக, சீராக வரவேண்டும். சொட்டினால் உள்ளே இருக்கும் 'இம்பெல்லர்' என்ற ரப்பர் சுழலி தேய்ந்திருக்கலாம், அல்லது வழியில் உப்பு அடைத்திருக்கலாம். சுழலி விலை குறைந்த பாகம்தான். ஆனால் அது பழுதாகி இயந்திரம் சூடேறினால் சிலிண்டரே போய்விடும்.

புகையும் செய்தி சொல்லும். கிளம்பும்போது சிறிது புகை வருவது இயல்பு. நான்கு வீச்சு இயந்திரத்தில் நீலப்புகை நிற்காமல் வந்தால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது. சூடான பிறகும் வெள்ளைப்புகை தொடர்ந்தால் உள்ளே தண்ணீர் கசிகிறது என்று அஞ்சவேண்டும்.

எண்களும் எண்ணெயும்

கண்ணுக்குத் தெரியாததை இரண்டு சோதனைகள் காட்டிவிடும். இரண்டையும் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் செய்யவேண்டும். அவரை வாங்குபவரே அழைத்துப் போகவேண்டும், விற்பவர் சொல்லும் ஆளை நம்பக் கூடாது.

முதலாவது கம்ப்ரெஷன் சோதனை. ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று கருவி வைத்து அளப்பார்கள். எண் பெரிதா சிறிதா என்பதைவிட, எல்லா சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதே முக்கியம். பத்து விழுக்காட்டுக்குள் வேறுபாடு இருந்தால் பரவாயில்லை. நான்கு சிலிண்டரில் மூன்று 180, ஒன்று மட்டும் 130 என்றால் அந்த இயந்திரத்தை விட்டுவிடவேண்டும்.

இரண்டாவது, சுழல்விசிறிக்கு மேலே இருக்கும் கியர் பெட்டியின் எண்ணெய். அடித் திருகாணியைச் சற்றே தளர்த்தினால் கொஞ்சம் எண்ணெய் வடியும். அது தெளிவாக இருக்கவேண்டும். பால் கலந்த தேநீர் போல் இருந்தால் கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது. உலோகத் துகள் மின்னினால் பற்சக்கரம் தேய்கிறது.

அண்மைக்கால இயந்திரமாக இருந்தால் முகவரின் கணினியை இணைத்து, எத்தனை மணி நேரம் எந்த வேகத்தில் ஓடியது, எப்போது சூடேறியது என்பதையும் படித்துவிடலாம். விற்பவர் வாய்மொழியாகச் சொன்னது உண்மைதானா என்பது அங்கே வெளிப்பட்டுவிடும்.

உதிரிப் பாகம் கிடைக்குமா என்பதும் முக்கியம். 'எவின்ரூட்' என்ற புகழ்பெற்ற அவுட்போர்டு இயந்திரத்தின் உற்பத்தியை அதன் தாய் நிறுவனமான பிஆர்பி 2020ஆம் ஆண்டு மே மாதம் நிறுத்தியது. அத்தகைய இயந்திரம் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் இனிமேல் பாகங்களுக்கு எங்கே போவது என்று முன்பே விசாரித்துக்கொள்ளவேண்டும். யமஹா, சுசுகி, மெர்க்குரி, ஹோண்டா போன்றவை தொடர்ந்து தயாரிக்கப்படுகின்றன.

சில படகுகளில் இயந்திரம் உள்ளே பொருத்தப்பட்டிருக்கும். பார்க்க அழகு, இடவசதியும் உண்டு. ஆனால் கடல்நீரால் நேரடியாகக் குளிர்விக்கப்படும் இயந்திரமானால் அதன் புகைபோக்கிப் பாகங்கள் ஐந்தாறு ஆண்டுகளில் அரித்துப்போகும். பெட்ரோல் ஆவி படகின் அடியில் தேங்கி வெடிக்கும் அபாயமும் உண்டு. அதனால் ஒவ்வொரு தடவையும் கிளப்புமுன் நான்கு நிமிடமாவது காற்றாடியை ஓடவிட்டு ஆவியை வெளியேற்றவேண்டும். முதல்முறை வாங்கும் குடும்பத்துக்கு அவுட்போர்டே எளிது.

கடலில் ஓட்டாமல் பணம் கொடுக்கவேண்டாம்

கரையில் குழாய்த் தண்ணீரை வைத்து ஓட்டிக் காட்டுவது போதாது. சுமை இல்லாமல் எந்த இயந்திரமும் இனிமையாகத்தான் பாடும். குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனை பேரின் எடையோடு கடலில் அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்கவேண்டும். முழு வேகத்தில், தயாரிப்பாளர் குறிப்பிட்ட சுழற்சியை இயந்திரம் எட்டுகிறதா? பல இயந்திரங்களுக்கு அது நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 வரை. எட்டவில்லை என்றால் சுழல்விசிறி பொருந்தவில்லை, அல்லது அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டியிருக்கின்றன, அல்லது இயந்திரம் பலமிழந்துவிட்டது. கியர் மாற்றும்போது ஒரு சிறு 'டக்' போதும். அரைக்கும் ஓசை கூடாது. நன்றாகச் சூடான பிறகு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி கிளப்பிப் பார்க்கவேண்டும். பிள்ளைகள் தீவில் குளித்து முடித்து வீடு திரும்பும் நேரம் அதுதான்.

இயந்திரம் தேறினால் படகின் உடலைப் பார்க்கலாம். இயந்திரத்தைத் தாங்கும் பின்பலகையே முக்கியம். பழைய படகுகளில் கண்ணாடியிழைக்குள் மரம் இருக்கும். திருகாணித் துளை வழியே நீர் புகுந்தால் மரம் உளுத்துவிடும். சுத்தியலின் பிடியால் தட்டினால் கெட்டியான இடம் 'டங்' என்று ஒலிக்கும், உளுத்த இடம் மந்தமாக ஒலிக்கும். இயந்திரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது பின்பலகை வளைந்தால் அந்தப் படகு வேண்டாம். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் காட்டச் சொல்லி, அடியில் கொப்புளமோ விரிசலோ இருக்கிறதா என்றும் பார்த்துவிடவேண்டும்.

வாங்கிய பிறகும் செலவு

சிங்கப்பூர்த் துறைமுக எல்லைக்குள் உல்லாசப் படகு ஓட, சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் வேண்டும். படகு உரிமம் வேறு, ஓட்டுநர் உரிமம் வேறு. ஓட்டுநர் உரிமத்துக்கு எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. சாதாரண உரிமத்தோடு பகலில் மட்டுமே ஓட்டலாம். படகின் உரிமம் விற்பவர் பெயரில்தான் இருக்கிறதா, காலாவதியாகவில்லையா என்பதைப் பணம் கைமாறுமுன் உறுதிசெய்யவேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் படகுக்குப் பொருள், சேவை வரியும் சேரும். அது 2024 ஜனவரியிலிருந்து 9 விழுக்காடு.

யாரிடம் வாங்குகிறோம் என்பதும் கவனத்தில் இருக்கவேண்டும். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த குறைபாட்டுப் பொருள் சட்டத்தின்கீழ், வியாபாரியிடம் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். பழைய பொருளுக்கும் இது பொருந்தும். ஆனால் தனிநபர் தனிநபருக்கு விற்றால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. விலை சற்றுக் குறைவு என்று தனியாரிடம் வாங்குவோருக்கு மெக்கானிக்கின் சோதனை ஒன்றே பாதுகாப்பு.

படகை நிறுத்திவைக்கும் கட்டணம், ஆண்டுப் பராமரிப்பு, காப்புறுதி, எரிபொருள் எல்லாம் மாதந்தோறும் வந்துகொண்டே இருக்கும். கையிலுள்ள பணம் முழுவதையும் படகு விலைக்கே கொடுத்துவிட்டால் முதலில் குறைவது பராமரிப்புதான். ஓராண்டுச் செலவையாவது ஒதுக்கி வைத்துவிட்டு, மிஞ்சும் தொகைக்குள் படகு தேடுவது புத்திசாலித்தனம். அப்படிப் பார்த்தால் அடுத்த அளவில் சிறிய படகுதான் கிடைக்கும் என்றாலும் பாதகமில்லை.

சிங்கப்பூர் ஆற்றில் தொடக்க காலத்தில் சரக்குப் படகு ஓட்டியவர்களில் தமிழகக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் முன்னணியில் இருந்தார்கள். சூலியா தெரு இன்றும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர்களிடம் இயந்திரம் இல்லை. ஆனால் அன்றாடம் கரை சேர்ந்ததும் படகைக் கழுவி, பார்த்து, சரிசெய்த பிறகே வீட்டுக்குப் போவது எந்தப் படகோட்டிக்கும் பொதுவான பழக்கம். பழைய படகு வாங்கும் குடும்பம் விற்பவரிடம் தேடவேண்டியதும் அந்தப் பழக்கத்தைத்தான். வாங்கிய பிறகு தான் கைக்கொள்ளவேண்டியதும் அதுவே.