விமான நிலையமும் விறகும்

கன்னட நாட்டு நந்தி மலையிற் பிறக்கும் தென்பெண்ணை, தமிழகத்துட் புகுந்தவுடன் தங்குமிடம் கெலவரப்பள்ளி நீர்த்தேக்கம். அதனை அடுத்த ஒசூர்ப் பகுதியில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பிரயாணிகள் வந்து செல்லத்தக்க விமான நிலையம் ஒன்று 2,000 ஏக்கரில் அமைக்கப்படும் எனத் தமிழக முதலமைச்சர் 2024 ஜூன் மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார். அத்தகைய நிலையம் இரவு பகல் உறங்காது; அதன் விளக்குகளுக்கும் குளிர்சாதனங்களுக்கும் வேண்டும் சக்தியை விறகும் ஓரளவு தரலாம் என்றால் சிலர் நகைப்பர்.

நகைப்பதற்கு இடமில்லை. 2014 இல் திறக்கப்பெற்ற இலண்டன் ஹீத்ரோவின் புதிய இரண்டாம் நிலையத்துக்கு, மரச்சில்லுகளை எரிக்கும் ஆலையொன்று வெப்பமும் மின்சாரமும் அளிக்கின்றது. சுவீடனின் ஆர்லாண்டா நிலையத்தையும் தாவர எரிபொருளின் வெப்பமே குழாய்வழிச் சென்று குளிர்காலத்திற் காக்கின்றது. கொச்சி நிலையமோ 2015 முதல் சூரிய ஒளியால் இயங்குகின்றது; ஆயின் கதிரவன் மாலையில் மறைவான், அடுப்பு மறையாது.

இதன் தத்துவம் எளியது. விறகால் நீராவி எழுப்பி மின்சாரம் மட்டும் எடுத்தால், எரித்த வெப்பத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே மின்சாரமாகும். எஞ்சியது வீணே வெளியேறும். அவ்வெஞ்சிய வெப்பத்தையும் பயன்படுத்தினால் பத்தில் எட்டுப் பங்கு வரை கைக்கு வரும். குளிர்நாட்டார் அதனைக் கொண்டு கட்டடத்தைச் சூடேற்றுவர். நமக்கு அது எதற்கு எனலாம். வெப்பத்தைக் கொண்டே குளிர்ச்சியும் செய்யலாம் என்பதுதான் வியப்பு. காற்றழுத்தம் மிகக் குறைந்த கலத்தில் நீர் 5 பாகை வெப்பத்திலேயே ஆவியாகும்; ஆவியாகும்போது அருகிலுள்ள குழாய்நீரின் சூட்டைக் கவர்ந்துகொள்ளும். எழுந்த ஆவியை லித்தியம் புரோமைடு என்னும் உப்பின் கரைசல் உறிஞ்சும். ஆலையின் வெப்பம் அக்கரைசலைக் காய்ச்சி நீரைப் பிரித்தனுப்ப, சுழற்சி மீண்டும் தொடங்கும். குளிர்ந்த குழாய்நீர் மண்டபங்களுக்குச் செல்லும். பிரயாணிகள் கூடங்களை நாள்தோறும் குளிர்விக்கும் நம் நாட்டில், இவ்வெப்பத்துக்கு ஆண்டு முழுதும் வேலை உண்டு.

நிற்க. விறகும் போக்குவரத்தும் நம் நாட்டிற் கூடியது இது முதன்முறையன்று. 1856 இல் இராயபுரத்திலிருந்து ஓடத் தொடங்கிய சென்னைப் புகைவண்டி, 1864 இல் ஜோலார்ப்பேட்டை வழியாகப் பெங்களூரை எட்டியது. நிலக்கரி அரிதாகலின் யந்திரங்கள் விறகையே உண்டன. ஒசூர் அப்பொழுது சேலம் மாவட்டத்தைச் சார்ந்தது. அம்மாவட்டக் காடுகளும் வடஆர்க்காட்டுக் காடுகளும் அவ்வடுப்புக்கு இரையாயின. வனப் பாதுகாவலர் கிளெக்கார்ன் 1861 இல் வெளியிட்ட நூலில் மரம் அழியும் வேகம் கண்டு கவலையுற்றார். சென்னைக் கடற்கரையோரம் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்குப் புகைவண்டியின் பசியும் ஒரு காரணம்.

ஆதலின் கணக்குப் பார்த்தே தொடங்கவேண்டும். ஓர் யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ விறகு தேவை. 10 மெகாவாட் ஆலை நாள் முழுதும் ஓடினால் 300 டன். பத்து டன் லாரியாயின் நாளொன்றுக்கு முப்பது. இதனை அளிக்கப் பச்சைமரம் வெட்டுவதாயின் அத்திட்டமே வேண்டாம் என்போம். விறகின் ஈரமும் கவனிக்கத்தக்கது. நன்கு உலர்ந்த விறகு கிலோவுக்கு 4,400 கிலோகலோரி அளவில் வெப்பம் தரும்; பாதி நீராயிருந்தால் 2,000 தருவதே அரிது. நீர்த்தேக்கங்களில் மண்டும் ஆகாயத்தாமரையை அடுப்பிலிட விரும்புவோர் இதை நினைக்க; அது பெரும்பாலும் நீரே, சாண எரிவாயுக் கலத்துக்கே ஏற்றது.

வேறு பொருள் இப்பகுதியில் உண்டு. பட்டுப்புழு இலையைத் தின்றபின் எஞ்சும் மல்பெரிக் குச்சி, கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள் ஒதுக்கும் கொட்டை, தேங்காய் ஓடு ஆகியன உண்டு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைகளில் உண்ணிச்செடி பரந்து புல்லை நெருக்குகின்றது. அதனைக் களைந்தால் யானைக்கும் தீனி வளரும், அடுப்புக்கும் குச்சி கிடைக்கும். ராகித்தாளை மட்டும் தொடலாகாது. அது மாட்டின் உணவு. மாங்கொட்டை சில மாதமே கிடைக்கும். ஆகவே மழைக்காலத்துக்கென நனையாத பெருங்கொட்டகை வேண்டும்.

இவை அனைத்தையும் கூட்டினும் 300 டன் நாள்தோறும் கிட்டுவது கடினம். முதலில் 2 மெகாவாட் அளவில் தொடங்கினால் ஆறு லாரிகள் போதும். அவை திரும்பும்போது வெறுமையாகப் போகவேண்டுவதில்லை. நூறு டன் விறகுக்கு இரண்டொரு டன் சாம்பல் விழும், அதில் பொட்டாஷும் சுண்ணாம்பும் உண்டு. மல்பெரித் தோட்டத்தில் மண் புளித்திருக்குமானால், குச்சி கொடுத்தவரே அதனை ஏற்றிச் செல்லலாம்.