கேமரா டிரோன்: வாங்குமுன், விற்குமுன் கவனிக்க வேண்டியவை



திருமணம், கோயில் திருவிழா, மனை விற்பனை என எங்கு பார்த்தாலும் தலைக்கு மேல் ஒரு டிரோன் பறக்கிறது. "முதன்முதலாக வாங்குகிறேன், குறைந்த விலையில் நல்லதாக ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு நம் கடைகளுக்கு வருவோர் பெருகி வருகின்றனர். விவரம் அறியாமல் இச்சரக்கில் இறங்கினால் கைமுதலும் போகும், கடையின் பெயரும் கெடும். எனவே சில செய்திகளை இங்கே தருகிறோம்.

பொம்மையா, கேமராவா?

அட்டைப் பெட்டியில் '4கே' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, ஜி.பி.எஸ். உண்டா? இது இருந்தால்தான் திறந்த வெளியில் காற்றடித்தாலும் டிரோன் நின்ற இடத்தில் நிற்கும். சிக்னல் அறுந்தால் கிளம்பிய இடத்துக்குத் திரும்பும். இரண்டாவது, கேமரா ஆடாமல் தாங்கும் 'கிம்பல்' உண்டா? இல்லையெனில் படம் குலுங்கும். மூன்றாவது, மோட்டார் பிரஷ் இல்லாத வகையா? பிரஷ் உள்ள சிறு மோட்டார்கள் விரைவில் தேய்ந்து போகும்.

மூன்றும் இல்லாதது பொம்மையே. பழகுவதற்கு அது போதும், தொழிலுக்கு உதவாது. பொம்மையைப் பொம்மை என்று சொல்லியே விற்போம். 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி முதல் கட்டாயம் என்பதையும் மறக்கலாகாது.

எடையும் சட்டமும்

2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி 250 கிராம் வரை 'நானோ' வகை. அதற்கு மேல் 2 கிலோ வரை 'மைக்ரோ' வகை. நானோ டிரோனை இயக்க பைலட் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவைப் பொழுதுபோக்குக்கு மட்டும் சான்றிதழின்றி இயக்கலாம். கூலிக்குப் படம் பிடிப்பவருக்குச் சான்றிதழ் வேண்டும். மேலும் 250 கிராமுக்கு மேற்பட்டதைப் பதிவு செய்து தனி அடையாள எண் பெற வேண்டும். ஆகவே புதியவருக்கு நானோவே உகந்தது. எந்த வகையானாலும் பறக்குமுன் 'டிஜிட்டல் ஸ்கை' தளத்தின் வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை மண்டலங்களைப் பார்க்குமாறு வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்.

கொள்முதலில் எச்சரிக்கை

வெளிநாட்டில் தயாரான முழு டிரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரி 9 அன்று மத்திய அரசு தடை விதித்தது. ஆராய்ச்சி, பாதுகாப்புப் பணிகளுக்கு மட்டுமே விலக்கு. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. எனவே "பில் இல்லை, விலை பாதி" என்று வரும் வெளிநாட்டுச் சரக்கைத் தொட வேண்டாம். பிடிபட்டால் நட்டம் நம் தலையில்தான் விழும். ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை, முன்பு 18, 28 சதவீதம் என்றிருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் ஒரே சீராக 5 சதவீதமாகியுள்ளது. பில் போடும் கணினியில் இதைத் திருத்திக் கொள்ளுங்கள்.

விற்ற பின்

இறக்கையும் பேட்டரியும் தனியாகக் கிடைக்காத மாடலை வாங்கி அடுக்காதீர்கள். நான்கு இறக்கைகளில் இரண்டு வலமாகவும் இரண்டு இடமாகவும் சுழலும். மாற்றிப் பொருத்தினால் டிரோன் எழும்பாது. பழுது என்று திரும்பி வரும்போது முதலில் இதைப் பாருங்கள். லித்தியம் பேட்டரியை முழு சார்ஜில் மாதக்கணக்கில் வைத்தால் உப்பிவிடும். பாதியளவு சார்ஜில் குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

பத்து நிமிடம் விளக்கிச் சொல்லி விற்றால் வாடிக்கையாளர் மறுபடியும் நம்மிடமே வருவார். அந்த நம்பிக்கையே நம் முதல்!