சாவி யார் கையில்?

2024 மார்ச் 20-ஆம் நாள் ஒரு கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தடியடி இல்லை, துப்பாக்கிச் சூடு இல்லை. வாசலிலே போலீசும் நிற்கவில்லை. ஆயினும் அது ஒரு கதவடைப்பு என்கிறோம் நாம். ஆலைக்கு அல்ல, ஆயிரம் கைகள் சேர்ந்து எழுதிய ஒரு கணினி நிரலுக்கு!

நிரலின் பெயர் ரெடிஸ். கம்பெனியின் பெயரும் அதுவே. மளிகைக் கடைக்காரரைப் பாருங்கள். அடிக்கடி கேட்கும் சாமானைக் கிடங்கிலே போட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் எழுந்து ஓடமாட்டார்; கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வார். கணினிகளுக்கு அந்த வேலையைச் செய்வது ரெடிஸ். தகவலை வட்டிலே போய்த் தேடாமல் நினைவகத்திலேயே வைத்திருந்து கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுக்கும். 2009-இல் இதை வெளியிட்டவர் சிசிலித் தீவுக்காரரான சால்வடோர் சன்ஃபிலிப்போ. எழுதியதை அவர் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. பி.எஸ்.டி. என்னும் உரிமத்தின் கீழ் மூல நிரலை உலகத்தார் முன் வைத்தார். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். எழுதியவர் பெயரையும் உரிம வாசகத்தையும் அழிக்காமல் விட்டால் போதும். திறந்த மூல மென்பொருள் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

திறந்து வைத்த வீட்டுக்குள் பலர் வந்தனர். பிழை கண்டவர் பிழையைத் திருத்தினார். தன் வேலைக்கு ஒரு வசதி தேவைப்பட்டவர் அதை எழுதிச் சேர்த்துவிட்டுப் போனார். அமேசான், அலிபாபா போன்ற பெரிய கம்பெனிகளின் சம்பளக்காரர்களும் எழுதினார்கள்; இரவிலே கண்விழித்து எழுதிய தனியாட்களும் உண்டு. கூலி கேட்காதவர்களே, ஏன் எழுதினீர்கள் என்று கேட்டால் விடை எளிது. நான் கொடுத்ததும் திறந்தே இருக்கும், பிறர் கொடுத்ததும் எனக்குத் திறந்தே இருக்கும் என்ற நம்பிக்கை!

இந்த நிரலை வைத்து வாணிபம் செய்ய 2011-இல் இஸ்ரேலில் ஒரு கம்பெனி தோன்றியது. பின்னாளில் ரெடிஸ் லேப்ஸ் என்று பெயர் சூட்டிக்கொண்டது. 2015 முதல் சன்ஃபிலிப்போவுக்குச் சம்பளம் அளித்தது. 2018-இல் ரெடிஸ் என்ற பெயரின் வணிகக் குறியும் அதன் கைக்குப் போயிற்று. அதே ஆண்டில், ரெடிஸின் உரிமம் பி.எஸ்.டி.தான், அப்படியேதான் இருக்கும் என்று பகிரங்கமாக வாக்களித்தது. 2020-இல் சன்ஃபிலிப்போ பொறுப்பிலிருந்து விலகினார். ஐவர் குழு ஒன்று அமைந்தது. ஐவரில் மூவர் கம்பெனி ஆட்கள். ஒருவர் அமேசான், மற்றொருவர் அலிபாபா.

2018-இல் கொடுத்த வாக்கு 2024 மார்ச் வரைதான் உயிரோடு இருந்தது. இனி வரும் பதிப்புகளுக்கு பி.எஸ்.டி. கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். 7.4 முதல் வேறு உரிமங்கள். அவற்றின்படி, ரெடிஸை எடுத்துப் பிறருக்குச் சேவையாக விற்க முனைந்தால் கட்டுப்பாடு, நிபந்தனை. பழைய பதிப்புகள் பழைய உரிமத்திலேயே கிடந்தன என்பது மெய். ஆனால் பெயரும் பீடமும் எங்கே இருக்கின்றனவோ, அங்கேதானே உலகம் போகும்?

சட்டப்படி இது குற்றமா? இல்லை. பி.எஸ்.டி. உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறது. அங்கேதான் சூட்சுமம்.

கம்பெனி தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லி, கைதட்டல் வாங்க நாம் விரும்பவில்லை. நிரலை வளர்க்க ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்தவர்கள் அவர்கள். அமேசானோ அதே நிரலை எடுத்து எலாஸ்டிகேஷ் என்ற பெயரில் வாடகைக்கு விட்டு வசூல் செய்கிறது. விதைத்தவன் பார்த்துக்கொண்டிருக்க, களத்து மேட்டிலே வேறொருவன் அளந்துகொண்டு போகிறானே என்ற அவர்களது ஆத்திரம் பொய்யல்ல. பணம் வராத நிரலின் கதி என்ன என்பதையும் உலகம் கண்டது. இணையத்தில் பாதுகாப்பாகச் செய்தி அனுப்ப உதவும் ஓப்பன்-எஸ்.எஸ்.எல். நிரலில், 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பெரும் ஓட்டை வெளிப்பட்டது. வங்கிகளும் வணிகர்களும் நம்பியிருந்த அந்த நிரலுக்கு முழுநேரம் உழைத்தவர் ஒரே ஒருவர். வந்த நன்கொடை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர்! கோடி கோடியாய்ச் சம்பாதித்தவர்கள் கொடுத்த கூலி அது.

ஆகவே கம்பெனி வரட்டும். பணம் போடட்டும், இலாபமும் எடுக்கட்டும். நமது வழக்கு அதுவல்ல. அமேசான்மீது கோபம் என்றால், சம்பளம் வாங்காமல் எழுதிக் கொடுத்தவன் என்ன பிழை செய்தான்? அவனுக்குத் தந்த வாக்கை ஏன் முறிக்க வேண்டும்?

ஓங்கிய சாட்டை அமேசான்மீது விழுந்ததா? அதுவும் இல்லை! எட்டே நாளில், மார்ச் 28-இல், லினக்ஸ் பவுண்டேஷன் வால்கீ என்ற புதுத் திட்டத்தை அறிவித்தது. ரெடிஸின் 7.2.4 பதிப்பை எடுத்து, பழைய பி.எஸ்.டி. உரிமத்திலேயே தொடர்ந்தார்கள். அமேசான், கூகுள், ஆரக்கிள், எரிக்சன், ஸ்நாப் ஆகியவை பக்கத்தில் நின்றன. ஐவர் குழுவிலிருந்த அமேசான் பொறியாளரும் அங்கே போய்ச் சேர்ந்தார்.

இதைக் கண்டு, ஏழை வென்றான் என்று பறை அடிக்க வேண்டாம். வால்கீயின் பின்னால் நிற்போர் பரதேசிகள் அல்லர். உலகத்தின் மிகப் பெரிய பணப் பெட்டிகள். லினக்ஸ் பவுண்டேஷனும் கம்பெனிகளின் சந்தாவில் நடக்கும் சங்கந்தான். நாம் பார்ப்பது ஒன்றே: அங்கே பெயர் எந்தத் தனிக் கம்பெனியின் பெட்டியிலும் இல்லை. ஒருவர் முறுக்கிக்கொண்டால் மற்றவர் தொடரலாம். திருடனுக்குத் திருடன் காவல் என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். செய்யட்டும், காவல் இல்லாததைவிட அது மேல்.

இதைவிட உறுதியான ஏற்பாடும் உண்டு. உங்கள் சட்டைப் பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளத்தில் ஓடும் லினக்ஸ் கருநிரலைப் பாருங்கள். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. 1992 முதல் ஜி.பி.எல். உரிமத்தில் இருப்பது. அதில் இன்று எழுதுவோரில் பெரும்பாலோர் கம்பெனிச் சம்பளக்காரர்களே. இன்டெல் எழுதுகிறது, கூகுள் எழுதுகிறது, ரெட் ஹாட் எழுதுகிறது. இருந்தும் எந்தக் கம்பெனியும் அதைப் பூட்டவில்லை. உத்தமர்கள் என்பதாலா? அல்ல! எழுதியவர் எவரும் தம் பதிப்புரிமையை ஒரே இடத்தில் ஒப்படைப்பதில்லை. ஒவ்வொரு வரியும் எழுதியவருக்கோ அவருடைய முதலாளிக்கோ சொந்தம். திருத்தி வெளியிடுகிறவர் திருத்தத்தையும் திறந்தே கொடுக்கவேண்டும் என்பது ஜி.பி.எல். விதி. உரிமத்தை மாற்றவேண்டுமானால் ஆயிரக்கணக்கான உரிமையாளர்களின் சம்மதம் வேண்டும். யாரால் ஆகும்? சாவி ஆயிரம் துண்டாக ஆயிரம் பேர் மடியில் இருக்கிறது!

சில திட்டங்களிலே, ஒரு வரி சேர்ப்பதற்கு முன்பே, உன் உழைப்பைப் பின்னாளில் எந்த உரிமத்தில் வேண்டுமானாலும் வெளியிடும் அதிகாரத்தை எமக்குக் கொடு என்று கம்பெனி கையெழுத்துக் கேட்கிறது. நிரல் எழுதப் பழகும் நம் வீட்டுப் பிள்ளைகள் அந்தத் தாளைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடட்டும். வேலைக்குச் சேரும்போது நியமன உத்தரவை வரிக்கு வரி படிக்கிறோமே, இலவசமாய் உழைக்கும்போது படிக்க வேண்டாமா?

ரெடிஸ் கம்பெனிக்கும் பின்னர் ஞானம் பிறந்தது. 2024 இறுதியில் சன்ஃபிலிப்போ அங்கே திரும்பினார். 2025 மே மாதம் வந்த 8-ஆம் பதிப்பில், ஏ.ஜி.பி.எல். என்னும் திறந்த மூல உரிமத்தையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். கதவு மீண்டும் திறந்தது. ஆனால் வால்கீ கலைந்துவிடவில்லை. 2024 செப்டம்பரில் 8.0, அடுத்த ஆண்டு 8.1 என்று அதன் பதிப்புகள் வந்தன. வெளியேறியவர்கள் அதற்குள் வேறு வீடு கட்டிக் குடியேறிவிட்டார்கள்.