காடு திருத்தும் யந்திரங்களில் தீ விபத்துத் தடுப்பு

தரிசு நிலங்களில் மண்டிய சீமைக் கருவேலைக் களையும் புல்டோசர் முதலிய யந்திரங்கள் கோடையில் தீப்பற்றுவதுண்டு. எஞ்சின் அறையிற் சேரும் சருகும் சுள்ளியும் இதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

முழுச் சுமையில் உழைக்கும் எஞ்சினின் புகைக்குழாயும் டர்போவும் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் சூடேறக்கூடும். அதனினும் குறைந்த சூட்டிலேயே சருகு கனலத் தொடங்கும். கசியும் எண்ணெய் அதிற் சேரின் தீ விரைந்து பரவும்.

ஆகவே, தினமும் வேலைக்கு முன்னர், எஞ்சின் ஆறியிருக்கையில், அடித்தகட்டையும் ரேடியேட்டரையும் காற்றடித்துச் சுத்தம் செய்தல் வேண்டும். சருகு மிகுந்த இடமாயின் நண்பகலிலும், எஞ்சினை ஆறவிட்டு, அவ்வாறே செய்தல் நலம். எண்ணெய்க் குழாய்களிலும் மின்கம்பிகளிலும் தேய்வு காணின் உடனே மாற்றுக.

மாலையில் எஞ்சினைத் திடீரென நிறுத்தலாகாது. விசிறி நின்றதும் காற்றோட்டம் அற்று உள்வெப்பம் உயரும். எனவே ஐந்து நிமிஷம் சுமையின்றி ஓடவிட்டு நிறுத்தி, பாட்டரி இணைப்பைத் துண்டித்து, அரைமணி நேரமேனும் காவலிருத்தல் அவசியம். சருகில் மறைந்த கனல் பின்னரே சுவாலையாவதுண்டு.

உலர்பொடித் தீயணைப்பான் ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். தீ தோன்றினால் எஞ்சினை நிறுத்தி இறங்குக. மூடியை அகலத் திறந்தால் காற்றுப் புகுந்து தீ வளரும். எரியும் எண்ணெய்மீது நீரை வீசலாகாது.

சங்கத்தின் ஒரு யந்திரம் எரிந்தால், அதனை எதிர்பார்த்திருக்கும் அங்கத்தினர் அனைவரின் பருவமும் தவறும். அதனைக் காப்பது தினமும் செய்யும் இச்சிறு துப்புரவேயாகும்.