விழப்போகும் அந்த ஒரு நொடி

நின்றுகொண்டிருக்கும் குழந்தையின் காலுக்குக் கீழே உள்ள பலகையைச் சட்டென்று நகர்த்தினால் என்ன ஆகும்? அமெரிக்க ஆய்வாளர்கள் ஆன் ஷம்வே-குக், மார்ஜோரி வூலகாட் குழுவினர் இதையே ஒரு பயிற்சியாகச் செய்து பார்த்தார்கள். மூளை முடக்குவாதம் உள்ள, பள்ளி வயதுக் குழந்தைகள் 6 பேர். நாளுக்கு 100 முறை பலகை நகரும். விழாமல் சமாளிக்க வேண்டும். இப்படி 5 நாட்கள். முடிவு 2003இல் வெளியானது. குழந்தைகள் முன்பைவிடக் குறைவாகத் தள்ளாடி, சீக்கிரமாக நிலைக்கு வந்தார்கள். ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோதும் அந்தத் தேர்ச்சி தங்கியிருந்தது.

6 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் பேலன்ஸ் என்பது பிறவியிலேயே கிடைத்தோ கிடைக்காமலோ போகும் வரம் அல்ல, பழக்கத்தில் வரக்கூடியது என்பதை அந்த 500 தள்ளாட்டங்கள் காட்டின.

கர்ப்பத்திலோ, பிரசவ நேரத்திலோ, பிறந்த சில காலத்திலோ வளரும் மூளையில் ஏற்படும் பாதிப்புதான் மூளை முடக்குவாதம். லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1861இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். வெகுகாலம் அவர் பெயராலேயே இந்தப் பாதிப்பு அழைக்கப்பட்டது. மூளையில் உண்டான காயம் பெரிதாவதில்லை. குழந்தை வளர்கிறது, இறுகிய தசைகள் அதே வேகத்தில் வளர்வதில்லை. சிக்கல் அங்கே கூடுகிறது.

நாம் நிற்பதை ஒரு வேலையாகவே நினைப்பதில்லை. ஆனால் கண், உள்காது, பாதமும் மூட்டுகளும் என்று மூன்று இடங்களிலிருந்து மூளைக்குச் சேதி போய்க்கொண்டே இருக்கிறது. தரை லேசாக நகர்ந்தால் முதலில் கணுக்கால் தசை பிடிக்கும், அடுத்து தொடை, பிறகு இடுப்பு; பெரும்பாலும் கீழிருந்து மேலே. இரண்டு காலும் விறைத்த குழந்தைகளிடம் இந்த வரிசை பல நேரம் தலைகீழாகிறது. காலின் முன்தசையும் பின்தசையும் ஒரே சமயத்தில் இறுகி, கால் ஒரு கட்டையாக நிற்கிறது. கட்டையால் சமாளிக்க முடியாது, சாயத்தான் முடியும்.

இதில் சுவையான விஷயம் ஒன்று உண்டு. எந்தப் பாதிப்பும் இல்லாத குழந்தைகளை முழங்காலை மடக்கி, அரைகுறையாகக் குந்தினாற்போல் நிற்கவைத்துச் சோதித்தபோது, அவர்களுடைய தசைகளும் ஓரளவு அதே குழப்பத்தைக் காட்டின. ஆக, பழி முழுவதும் மூளையைச் சேராது. நிற்கும் வாகுக்கும் பங்கு உண்டு. கெண்டைக்கால் இறுகாமல் பார்த்துக்கொள்வதும், பொருத்தமான ஸ்ப்ளின்ட் போடுவதும் பேலன்ஸ் பயிற்சியோடு சேர்ந்தவை என்று சொல்வது இதனால்தான்.

பயிற்சியின் வரலாற்றில் பெரிய பெயர் பெர்தா, காரல் போபத் தம்பதி. நாஜிகளிடமிருந்து தப்பி லண்டனில் குடியேறியவர்கள். குழந்தையின் உடலில் கைவைத்து, தவறான அசைவைத் தடுத்து, சரியான அசைவை உணரவைக்கும் அவர்களது முறை உலகமெங்கும் பரவியது. பின்னர் ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழுவினர் இருக்கிற சிகிச்சைகளையெல்லாம் திரட்டி, சிக்னல் விளக்குபோல் நிறம் பிரித்தார்கள். குழந்தை சும்மா இருக்க, தெரபிஸ்ட் அசைத்துவிடும் பழைய பாணிக்குப் பச்சை கிடைக்கவில்லை. குழந்தை தனக்கு வேண்டிய காரியத்தைத் தானே முயன்று, திரும்பத் திரும்பச் செய்து பழகுவதற்குப் பச்சை. போபத் வழியில் பயின்றவர்கள் பலர் இதை ஏற்கவில்லை. என்றாலும் காற்று வீசும் திசை தெளிவாகவே இருக்கிறது.

இன்றைய பிசியோதெரபி அறையில் அதனால் விளையாட்டுச் சத்தம் அதிகம். கைக்கு எட்டாத தூரத்தில் பந்தை நீட்டி, எட்டி வாங்கச் சொல்வார்கள். ஸ்டூலிலிருந்து கைப்பிடி இல்லாமல் எழ வேண்டும். மெத்தைமேல் நடக்க வேண்டும், படியில் மாற்றி மாற்றிக் கால் வைக்க வேண்டும். குதிரையேற்றமும் உண்டு. குதிரை நடக்கும்போது சவாரி செய்பவரின் இடுப்பு, ஏறத்தாழ மனிதன் நடக்கும்போது அசைவதுபோலவே அசைகிறது. கொரியாவில் 92 குழந்தைகளிடம் 8 வாரம் நடத்திய ஆய்வில் இதற்குப் பலன் தெரிந்தது. குதிரை கிடைக்காத ஊரில் மெத்தையும் படியும் போதும்.

தெரபிஸ்ட்டின் கை குழந்தைக்குப் பக்கத்திலேயே இருக்கும், ஆனால் பிடிக்காது. “விழுந்துடுவான் மேடம்” என்று பதறும் அம்மாவுக்கு இதுதான் கடினமான பாடம். தள்ளாடவே விடாத குழந்தைக்குச் சமாளிக்கக் கற்கும் வாய்ப்பும் கிடைக்காது.

முன்னேற்றத்தை அளக்கக் குழந்தைகளுக்கான பேலன்ஸ் அளவுகோல் இருக்கிறது: 14 செயல்கள், மொத்தம் 56 மதிப்பெண். கண்ணை மூடி நிற்பது, ஒற்றைக்காலில் நிற்பது, ஒரு சுற்றுச் சுற்றுவது எல்லாம் அதில் வரும். ஆனால் எல்லாக் குழந்தைக்கும் இலக்கு ஒன்றல்ல. 1997இல் கனடாவில் உருவான வகைப்பாடு, இயக்கத்திறனை 5 நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலைக் குழந்தை பாண்டி ஆட ஆசைப்படலாம். ஐந்தாம் நிலைக் குழந்தைக்குத் தலை நிற்பதே பெரிய காரியம். இடையில் உள்ள ஒரு பிள்ளைக்கு, ஊன்றிய கையை எடுத்துவிட்டுச் சப்பணமிட்டு உட்காரத் தெரிந்தால் அந்தக் கை சோற்றைப் பிசையும். நடப்பதை மட்டுமே வெற்றி என்று எண்ணும் குடும்பங்களுக்கு இது புரியக் கொஞ்சம் காலம் பிடிக்கிறது.

வாரத்துக்கு இரண்டு மணி நேர தெரபி போதாது என்பதால் வேலை வீட்டுக்கு வந்தாக வேண்டும். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற பணியாளர்களைக் கிராமத்து வீடுகளுக்கே அனுப்புகிறது. சென்னையில் 1985இல் தொடங்கிய வித்யாசாகர் இன்னொரு பழைய முகவரி. அரசின் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையங்களிலும் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

பெரும்பாலும் தாமதம் நேர்வது அங்கே போவதற்கு முன்னால்தான். “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தார்” என்ற சமாதானம் பல மாதங்களைத் தின்றுவிடுகிறது. 9 மாதமாகியும் தனியாக உட்காராத குழந்தையையும், ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் நீட்டுகிற குழந்தையையும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தேர்ந்த கைகளில் 6 மாதத்துக்குள்ளேயே அறிகுறிகளைக் கண்டுபிடிக்க முடிகிறது.